வெள்ளிமலையில் தண்ணீர் கொதித்தது

என் அப்பாவுக்குப் பெரியப்பா எழுதிய இன்லாண்டு கடிதம் ஒன்று என்னிடம் இருக்கிறது. தேதி 16-5, செவ்வாய். ஆண்டு இல்லை. விடைத்தாளில் அலகு போடாத மாணவனுக்குச் சுழியம் போடும் இயற்பியல் பேராசிரியர் அவர். தன் கடிதம் ஒன்றில்கூட ஆண்டு போட்டதில்லை. மே பதினாறு செவ்வாயில் விழும் ஆண்டுகளைத் தேடி, நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடையோடு பொருத்தி, 1995 என்று நானே முடிவுகட்ட வேண்டியிருந்தது. கடிதத்தில் மொத்தம் நான்கு வரி. மூன்றாவது வரி என்னைப் பற்றியது: "மலையில் பாப்பா எடுத்த அளவை அப்படியே கொடுத்துவிட்டேன். அதுபற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டாம்."

அப்பா அப்போது மூங்கில்துறைப்பட்டில் ஆலை வேலையில் இருந்தார். அம்மாவும் நானும் தியாகதுருகத்தில் பெரியப்பா வீட்டில் இருந்தோம். பெரியப்பாவின் கல்லூரியில் ஒரு வழக்கம். பாடநூலின் அட்டையில் துறைத் தலைவரின் பெயர் வரும். உள்ளே இருப்பதை மற்றவர்கள் எழுதுவார்கள். பெரியப்பா அப்படி மூன்று புத்தகங்கள் எழுதியிருந்தார். மூன்றிலும் முன்னுரையின் கடைசிப் பத்தியில், படி திருத்த உதவியவர்களோடு, பெயரின் முதலெழுத்தும் தப்பாகத்தான் அவர் இடம்பெற்றிருந்தார்.

நான்காவது புத்தகம் வெப்பவியல். இந்த முறை அவர் வாய்திறந்து கேட்டுவிட்டார். வேறெந்தப் புத்தகத்திலும் இல்லாத, நம் பக்கத்திலேயே எடுத்த சோதனை அளவு ஒன்று இருந்தால் தன் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் போடலாம் என்று தலைவர் ஒப்புக்கொண்டார். செவ்வாய் காலை கையெழுத்துப் படி அச்சகத்துக்குப் போக வேண்டும். பெரியப்பா முதல் அத்தியாயத்தை ஆறு முறை திருப்பி எழுதிவிட்டு, அளவெடுக்க வைத்திருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

உயரத்தில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பதுதான் சோதனை. சனிக்கிழமை வீட்டில் ஒருமுறை கொதிக்கவைத்துக் குறித்தாயிற்று. மறுநாள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் இன்னொருமுறை. மலைக்குப் போகிறோம் என்றதும் பெரியம்மாவும் அம்மாவும் அருவியில் குளிக்க மாற்றுத்துணி, எண்ணெய், சீயக்காய் எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பா மண்ணெண்ணெய் ஸ்டவ், பாத்திரம், பஞ்சில் சுற்றிய வெப்பமானி ஆகியவற்றை எடுத்துக்கொண்டார். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைந்து ஏறும்போதெல்லாம் வெப்பமானியைக் கைக்குழந்தைபோல மார்போடு பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டுமுறை வாந்தி வந்தது. யாரும் என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை.

மேலே காற்று. ஸ்டவ் நான்குமுறை அணைந்தது. பெண்கள் இருவரும் சேலைத் தலைப்பை விரித்து மறைப்பாக நின்றார்கள்.

"ஊரு ஒலகத்துல மலைக்கி வந்தா அருவில குளிப்பாங்க. நாம இன்னாடான்னா வெந்நி வெச்சிக்கினு நிக்கறோம்" என்றார் பெரியம்மா.

"அதான் வெந்நி ரெடியா கீதே, இங்கியே குளிச்சிடுங்கக்கா" என்றாள் அம்மா.

பெரியப்பாவுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவருக்கு ஒரு விதி இருந்தது: விடை தெரிந்தவன் அளவெடுக்கக் கூடாது, அவன் கண் விடையைத்தான் பார்க்கும். அதனால் விடை தெரியாத ஆளாக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். நோட்டையும் பென்சிலையும் என் கையில் கொடுத்துவிட்டு, பத்தடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

புத்தகம் எழுதுகிற மனிதருக்கு, எனக்கும் பள்ளியில் ஒரு புத்தகம் உண்டு என்பது தோன்றவே இல்லை. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. ஆண்டுத் தேர்வில் அதை எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். வெள்ளிமலையில் தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது பாதரசம் நூறுக்கு மூன்று கோடு கீழேயே நின்றுவிட்டது. ஊதினேன், குனிந்து பார்த்தேன், காத்திருந்தேன், ஏறவில்லை. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்தேன். பெரியப்பாவின் புத்தகத்தில் தப்பு வந்துவிடக் கூடாது. மூன்றுமுறை கொதிக்கவைத்தோம்; மூன்றுமுறையும் நூறு என்று அழுத்தி எழுதினேன்.

நோட்டை வாங்கியவர் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"நல்லா பாத்தியாம்மா?"

"பாத்தேன் பெரிப்பா."

"மூணு தபாவும்?"

"மூணு தபாவும்."

பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு ஸ்டவ்வை அணைத்தார். சரி, அருவிக்குப் போகலாம் என்றார். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. இறங்கும்போது பெரியம்மா வழிநெடுகத் திட்டிக்கொண்டே வந்தார். நான் மட்டும் தேர்வில் எல்லாக் கேள்வியும் எழுதிவிட்ட சந்தோஷத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் துறைத் தலைவர் வீட்டுக்கே வந்து சிரித்தார். "மலைமேல அடுப்பு தூக்கினு போயி இதத்தான் கண்டுபுடிச்சியாய்யா? டீக்கடைல கேட்டிருந்தா சொல்லியிருப்பானே!" அந்த அளவுகளின் அட்டவணை நீக்கப்பட்டது. புத்தகம் ஒரே பெயரோடு வெளிவந்தது. முன்னுரையில் இந்த முறை முதலெழுத்து சரியாக இருந்தது.

இத்தனை ஆண்டு கழித்தும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த உயரத்தில் நூறு வராது என்பது அவருக்குத் தெரியும். அதை எழுதத்தானே மலையேறினார்? தொண்ணூற்றேழு என்று ஒரு எண்ணைத் திருத்தியிருந்தால் அட்டையில் பெயர் வந்திருக்கும். திரும்பி நின்று ஒருமுறை பார்த்திருக்கலாம். என்னை அதட்டியாவது இருக்கலாம், நானும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்த மூன்று 'நூறு'களால் அவருக்கு நான் செய்தது என்னவென்று பன்னிரண்டு வயதில் எனக்குத் தெரியாது. நான் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

துறைத் தலைவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வந்தது. அதன் அட்டையிலும் பெரியப்பா பெயர் இல்லை. அவர் இறந்தபின் பழைய புத்தகக் கடையில் அது எனக்குக் கிடைத்தது. பயிற்சிக் கணக்குகளுக்கிடையே ஒரு வரி: வெள்ளிமலையில் நேரடியாக அளந்தபோது நீர் 97 டிகிரியில் கொதித்தது. அளந்தவர் யாரென்று இல்லை. பெரியப்பா மறுபடி மலைக்குப் போனாரா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "எங்க போனாரு? அந்த ஸ்டவ்வ நான் அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேனே" என்றார். வேறு யாராவது போய் அளந்தார்களா, அல்லது அன்றே பெரியப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டாரா? இதை என்னால் இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.