தட்டு அமுக்கிய விசை

பணி ஓய்வுக்குப் பின், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் தனியாக அமர்ந்து, நூல்களின் துணையோடு கணினி நிரல் எழுதக் கற்றேன். என் நிரல்களுள் பிறர் பயன்படுத்தியது ஒன்றே: கிள்ளான் கோயில் ஒன்றில் அர்ச்சனைச் சீட்டு அச்சிடும் நிரல். அதில் பழுதென்று யாரேனும் அழைத்தால்தான் என் கைப்பேசி ஒலிக்கும். உடனே கொமுட்டர் என்னும் புறநகர் ரயிலேறிச் செல்வேன்.

ஒருநாள் வந்த அழைப்பு வேறுவிதமானது. கணவரை இழந்து சில மாதங்களே ஆன ஓர் அம்மையார், தம் பெயருக்கு மட்டும் அர்ச்சனை கேட்டிருக்கிறார். சீட்டிலோ குடும்பம் முழுவதும் அச்சாகிவிட, குருக்கள் மறைந்தவரின் பெயரையும் நட்சத்திரத்தையும் சந்நிதியில் உரக்கச் சொல்லிவிட்டார். மறுபடி இப்படி நேர்ந்தால் கையெழுத்துச் சீட்டுக்கே திரும்பிவிடுவோம் என்றார் அழைத்த கோயில் செயலாளர். அப்படியானால் எனக்குப் போவதற்கென்று ஓரிடம் இராது.

சீட்டு அடிக்கும் பெண்ணின் பின்னால் நின்று கவனித்தேன். கைப்பேசி எண்ணைத் தட்டினால் குடும்பத்தார் பெயர்கள் திரையில் வரும். எண்டர் தட்டினால் ஒருவருக்குச் சீட்டு. கண்ட்ரோல் விசையை அமுக்கியபடி தட்டினால் எல்லோருக்கும். எண்டர் விழும் கணத்தில், கண்ட்ரோல் அமுங்கியிருக்கிறதா என்று நிரல் விசைப்பலகையைக் கேட்கும். அந்தப் பெண்ணோ பெயரைத் தேர்ந்ததும், சீட்டைத் தேங்காய்க்கடியில் செருகவேண்டி, பக்தர் நீட்டிய அர்ச்சனைத் தட்டை வாங்கி விசைப்பலகையின் இடது மூலையில் சாய்த்துவைத்தார். பூசைத் தட்டைத் தரையிலா வைப்பார்? விளிம்பு கண்ட்ரோலை அமுக்கியது. அமுக்கியது விரலா தேங்காயின் பாரமா என்று அறிய நிரலுக்கு வழியில்லை.

"தட்ட அங்க வைக்காதன்னு மட்டும் சொல்லாதீங்க அங்கிள். வேற எடமே இல்ல லா" என்று அவர் முந்திக்கொண்டார். மேசை அவ்வளவு சிறியது.

ஆகவே நிரலைத் திருத்தினேன். கண்ட்ரோல் அமுங்கியிருந்தால் உடனே அச்சிடாமல், பெயர்களைக் காட்டி, குடும்பம் முழுமைக்குமா என்று திரையில் கேட்கச் செய்தேன். சோதிக்க என் எண்ணையே கொடுத்தேன். அவர் வேண்டுமென்றே தட்டை மூலையில் வைத்து எண்டரைத் தட்டினார். கேள்வி வந்தது. கீழே என் பெயர். அதன் கீழே, காலமாகிவிட்ட என் மனைவியின் பெயர்.

அவர் என் பக்கம் திரும்பினார். "ஆன்டி பேர எடுத்துரவா அங்கிள்?" என்றார்.

"இருக்கட்டும்மா. எனக்கு மட்டும் அடிங்க."

ஒற்றைப் பெயருடன் சீட்டு சரியாக வந்தது. செயலாளர் வாங்கிப் பார்த்துத் தலையசைத்தார். இனி உங்களை அழைக்க வேண்டியிராது என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.