மந்திரிக் குரங்கின் முழங்கை

ஜஹனாரா பதினேழு வருடமாகச் சினிமாவுக்கு விக் கட்டுகிறார். கோபாலபுரத்தில் ஒரு மாடி அறைதான் பட்டறை. வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கி ஊசியால் இழுத்து முடிச்சிட வேண்டும். ராஜாக்களுக்கும் சாமியார்களுக்கும் கட்டிச் சலித்துப் போயிருந்தவரிடம் இயக்குநர் மதிவாணன் ஒரு கதை சொன்னார். மனிதக் குரங்குகள் ஆளும் வருங்காலச் சென்னை. அதற்கு, ஆள் உள்ளே புகுந்து நடிக்கிற மாதிரி ஒரு மந்திரிக் குரங்கு உடுப்பு வேண்டும்.

"உள்ள ஆள் இருக்கறது தெரிஞ்சா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்லயே பண்ணிடுவேன்மா."

ஜஹனாரா துள்ளிக்கொண்டு வேலையில் இறங்கினார். முகத்தை மூன்று தடவை களிமண்ணில் பிடித்தார். புருவமேட்டைத் தூக்கினார், மூக்கை அமுக்கினார், கீழுதட்டில் கொஞ்சம் கர்வம் வைத்தார். ஆனால் ஸ்டண்ட் நடிகர் டில்லிபாபு உடுப்பை மாட்டிக்கொண்டு நடந்தபோது மதிவாணன் உதட்டைப் பிதுக்கினார்.

"மூஞ்சி மந்திரி. கை மட்டும் ஸ்வெட்டர் போட்ட மாமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க."

என்ன தப்பென்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ஜஹனாராவும் டில்லிபாபுவும் மின்சார ரயிலேறி வண்டலூர் பூங்காவுக்குப் போனார்கள். தூறிக்கொண்டிருந்தது. ஒரு சிம்பன்ஸி தலைமேல் கையை வைத்து உட்கார்ந்திருந்தது.

"இன்னாக்கா, அதையே மொறைச்சினுகீற? பயந்துறப் போவுது."

"நைனா, தண்ணி எங்க சொட்டுது பாரு!"

முழங்கையில் சொட்டியது. தோளிலிருந்து வந்த முடியும் மணிக்கட்டிலிருந்து வந்த முடியும் அங்கேதான் சந்தித்துக் குஞ்சமாகத் தொங்கின. விக் கட்டுகிறவருக்கு முடி என்றால் கீழே விழுவது. அந்தப் பழக்கத்தில் ஜஹனாரா தோள் முதல் விரல் வரை எல்லா முடியையும் கீழ்நோக்கியே கட்டி வைத்திருந்தார்.

டில்லிபாபு சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். "சுண்டுவெரல் ஓரமா பாத்தா எனக்கும் முடி அப்டித்தான்கா கீது."

"அதான் உன்ன எடுத்தாங்க!"

முன்கை வலையை மட்டும் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிடலாமா என்று ஜஹனாரா திரும்பும் வழியெல்லாம் யோசித்தார். முழங்கைப் பக்கம் அகலம், மணிக்கட்டுப் பக்கம் குறுகல், பொருந்தாது. இரண்டு முன்கைகளையும் பிரித்து முதல் முடியிலிருந்து கட்டினார். ஒரு முடிச்சைக்கூட ஒப்பேற்றவில்லை.

வெள்ளிக்கிழமை டில்லிபாபு உடுப்போடு நாற்காலியில் உட்கார்ந்து, யோசிப்பவர்போல் தலைமேல் கை வைத்தார். முழங்கையிலிருந்து முடி இறங்கித் தொங்கியது. டீ கொண்டுவந்த முத்தம்மா வாசலைத் தாண்டவில்லை. மதிவாணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அந்த முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போனை எடுத்தார்.

"சார், குரங்குக்குக் கம்ப்யூட்டர் வேலை வேணாம், நிறுத்திடுங்க." பிறகு ஜஹனாராவிடம் திரும்பினார். "சபைக்கு இன்னும் பதினாலு பேர்மா. ஒவ்வொருத்தருக்கும் வேற வேற மூஞ்சி."

ஜஹனாரா அதற்குள் களிமண்ணைப் பிசையத் தொடங்கியிருந்தார்.

"அதுல பொம்பள மந்திரிங்க எத்தினி பேரு?"