உப்புக்குக் கட்டிய ஷெட்

பன்னிரண்டு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்தியவன் நான். போன வாரம் மரக்காணம் உப்பளத்தில் எனக்கே பாடம் நடந்தது!

உப்பள முதலாளி என் பழைய நண்பர். "வேலை செய்யிற பொம்பளைங்களுக்கு ரெஸ்ட் ஷெட் கட்டியிருக்கேன், வந்து பாரு" என்று போன் போட்டார். செவ்வாய்க்கிழமை போனேன். பளபளவென்று தகரக் கூரை, நாலு பக்கமும் சுவர், ஒரே ஒரு கதவு. உள்ளே ஈ, காக்கை இல்லை! பெண்கள் அத்தனை பேரும் வெளியே உச்சி வெயிலில், உப்புக் குவியலை மூடுகிற ஓலையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

உள்ளே கால் வைத்தேன். அப்பப்பா... இட்லிப் பானை! மூன்றே நிமிஷத்தில் சட்டை நனைந்துவிட்டது.

நண்பருக்கோ கோபம். "கட்டிக் குடுத்தா வெளியில உக்காந்து படம் காட்றாங்க. சனிக்கிழமைக்குள்ள உள்ள போகலேன்னா ஷெட்டுல உப்பு மூட்டைய அடுக்கிடுவேன்!"

பிலோமினா எழுந்தார். பதினெட்டு வருஷமாக அங்கே உப்பு வாருகிறவர். "அடுக்கிடாதீங்க முதலாளி. கூரை உச்சியத் தொறந்து விடுங்க, நாங்க உள்ள போறோம்."

ஷெட்டைக் கட்டிய மேஸ்திரி ஏழுமலை சிரித்தார். "ஏம்மா, தொறந்தா வெயிலும் மழையும் உள்ள வராதா?"

நானாவது சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "கதவு திறந்துதானே இருக்கு? சூடு அது வழியா போயிடும்மா" என்றேன். பிசிக்ஸ் வாத்தியார்!

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், பெஞ்சு மேல ஏறிக் கையத் தூக்குங்க."

ஏறினேன். விரல் சுட்டது. இறங்கித் தரையோரம் கையை நீட்டினால்... அவ்வளவு இல்லை.

"சூடு மேல குந்திகினு இருக்குது. வாசல் கீழ இருக்குது. அது எப்படி சார் எறங்கி வரும்?"

வெட்கமாகிவிட்டது. காற்று சூடானால் விரியும், விரிந்தால் லேசாகும், கனமான குளிர்ந்த காற்று அடியில் புகுந்து அதை மேலே தள்ளும். எத்தனை தடவை போர்டில் எழுதியிருப்பேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னார்கள்?

மேஸ்திரியையும் குறை சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் உப்புக் கிடங்கு கட்டியவர். ஈரக்காற்று பட்டால் உப்பு கசிந்துவிடும் என்று ஒரு சந்துகூட விடமாட்டார். உப்புக்குக் கட்டியதையே ஆளுக்கும் கட்டிவிட்டார்.

"அந்தம்மா சொல்றதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்றேன் நண்பரிடம். முனகிக்கொண்டே சம்மதித்தார்.

சனிக்கிழமை மதியம் மனசு கேட்காமல் மறுபடி ஓடினேன். கூரை உச்சி நெடுக ஒரு சாண் இடைவெளி. மழைக்கு அதன்மேல் சற்றே தூக்கிவைத்த தகரம். கடல் பக்கச் சுவரின் அடியில் இரண்டு துவாரம். பிலோமினா ஊதுபத்தி கொளுத்தித் துவாரத்தருகே பிடித்தார். புகை உள்ளே சாய்ந்தது, நிமிர்ந்தது, ஏறியது... உச்சி வழியே வெளியேறியது!

"போவுது பாரு, போவுது பாரு!" என்று ஒரே கூச்சல். யாரோ விசிலே அடித்தார்கள். தூக்குச் சட்டிகளோடு அத்தனை பேரும் உள்ளே! ஜெயித்துவிட்டார்கள் ஐயா, ஜெயித்துவிட்டார்கள்!

நண்பரும் வந்தார். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, "நல்லா ஜிலுஜிலுன்னு இருக்குதே!" என்றார்.

"இருக்கும் முதலாளி" என்றார் பிலோமினா. "ஆனா ஓட்டைய மறைச்சிக்கினு குந்தியிருக்கீங்க. கொஞ்சம் நவுந்துக்குங்க, எங்களுக்கும் காத்து வரட்டும்."

முதலாளி நகர்ந்தார். இன்னொரு துவாரத்தின் முன்னால் இருந்த நான், சொல்வதற்கு முன்பே நகர்ந்துவிட்டேன்.