கபேஜ்டவுன் வரிசை வீட்டில் ஒரு குடிபூரல்

போன ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கபேஜ்டவுனுக்குப் போனது கட்டடம் பார்க்க அல்ல, தங்கை வனிதா புது வீட்டில் குடிபுகும் குடிபூரல் சடங்குக்கு. எங்கள் சொந்தக்காரர் எல்லோரும் ஸ்ரௌவ்வில், யூனியன்வில் என்று வடக்கே போய்ப் புத்தம்புது வீடாக வாங்க, இவளும் கணவர் குகனும் மட்டும் நகரத்தின் நடுவில், கபேஜ்டவுனில், விக்ரோரியா காலத்து வீடொன்றை வாங்கினார்கள். அதுவும் ஆறு வீடுகள் ஒட்டிப் பிறந்த வரிசையில் நான்காவது. டோர்செட் பார்க் அப்பார்ட்மென்டில் வருடக்கணக்காக இருந்துகொண்டு அவள் ஆசைப்பட்ட வீடு அது.

நான் இருக்கும் ஸ்ரௌவ்வில்லில் இருந்து யூனியன் ஸ்ரேசனுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வார இறுதியில் பத்து டொலர் ரிக்கெட்டில் நாள் முழுவதும் ரயிலில் போய்வரலாம். பிறகு சப்வேயில் கொலிஜ் வரை போய், அங்கே கிழக்கே போகும் 506 ஸ்ரீட்காரில் ஏறி, பார்லிமென்ட் வீதியில் இறங்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து 3.30 டொலர். காரில் மட்டும் போய்விடாதீர்கள், பார்க்கிங் தேடியே பொழுது போய்விடும்.

வீதிக்குள் திரும்பியதும் நின்றுவிட்டேன். சிவப்புச் செங்கல் சுவர், ஜன்னல் வளைவுகளின் மேல் மட்டும் வெளிர்மஞ்சள் செங்கல். ஒவ்வொரு வீட்டிலும் முன்னுக்குத் தள்ளி நிற்கும் உயரமான ஜன்னல், அதன் தலைக்கு மேல் கூரான முக்கோண முகடு, முகட்டு விளிம்பில் லேஸ் வைத்துத் தைத்ததுபோல மரவேலை. வாசல் கதவுக்கு மேலே வண்ணக் கண்ணாடி. அகலம் பதினைந்து அடிதான் இருக்கும், ஆனால் உள்ளே போகப் போக வீடு முடிகிறபாடில்லை. இது பாதுகாக்கப்பட்ட வரிசை. வெளியே தெரிகிற எதையும் நகரசபையைக் கேட்காமல் மாற்ற முடியாது. குகனுக்கு அதில் கொஞ்சம் சலிப்பு. எனக்கோ, இதை இடிக்க விடாமல் காத்தவர்களைக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

ஹோமம் தொடங்கியது. நம்மவர் வழக்கப்படி குகன் ஏற்கெனவே புகை அலாரங்களுக்கு ஷவர் தொப்பி போட்டு மூடியிருந்தார். கொஞ்ச நேரத்தில் புகையில் ஆளை ஆள் தெரியவில்லை. பழைய ஜன்னல்களோ பெயின்ற் பூசிப் பூசி இறுகிப்போயிருந்தன.

"மேல எங்கையாவது திறந்துவிடுங்கோ தம்பி" என்றார் ஐயர் இருமலுக்கு நடுவே.

குகன் ஏணி வைத்து, மாடியில் கூரைக்குள் ஏறுகிற சதுரக் கதவைத் திறந்தார். புகை சுறுசுறுவென்று மேலே போனது. "பாத்தியளே மச்சான், பழசெண்டாலும் காத்தோட்டம் திறம்!" என்று என்னிடம் பெருமைப்பட்டார்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. பக்கத்து வீட்டு அலாரம் கத்தியது. அங்கே இருக்கும் மேகன் என்ற பெண் கைக்குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு குளிருக்குள் ஓடிவந்தாள். தீயணைப்பு வண்டி வந்தது. ஆறு வீட்டுச் சனமும் நடைபாதையில் நின்றது, நடுவில் நாங்கள் பட்டுச்சேலையும் வேட்டியுமாக.

"அண்ணா, முதல் நாளே அந்தப் பச்சப்பிள்ளையை ரோட்டில நிக்க வச்சிட்டம். இனி இவையின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? உந்த வீட்டை வித்துப்போட்டு உங்கட பக்கமே வாறம்" என்றாள் வனிதா.

உள்ளே போய்ப் பார்த்த தீயணைப்பு வீரர் வெளியே வந்து, குகனிடம் ஷவர் தொப்பிகளை நீட்டினார். பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் மாடிச் சீலிங்கோடு நின்றுவிட்டதாம். அதற்கு மேல், கூரைக்குள், தடுப்பே இல்லை. உண்மையான நெருப்பென்றால் அந்த வழியாகவே மற்ற வீட்டுக்குப் பாய்ந்திருக்கும். வெளியழகை இத்தனை கவனமாகக் காத்த வரிசையில், கூரைக்குள் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை.

மேகன் வனிதாவிடம் வந்தாள். வனிதா மன்னிப்புக் கேட்கத் தொடங்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தக் கூரைக்குக் கீழேதான் என் பிள்ளை படுக்கிறான். உங்கள் புகை வராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தேயிருக்காது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வனிதா அழுதுவிட்டாள். என் கண்ணும் கலங்கியது, அதற்குப் புகையைச் சாட்ட முடியாது. பிறகு உள்ளே போய்ப் பால் காய்ச்சினோம். மேகனும் பிள்ளையோடு வந்து நின்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: இலை நிறம் மாறும் ஒக்டோபரில், காலை வெயிலில் போங்கள். நடைபாதையில் நின்று பாருங்கள், படியேறாதீர்கள், ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். இப்படியான வீடு வாங்குபவர்கள் கூரைக்குள் ஆளை ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹோமத்தை வெளியே பின்வளவில் செய்யுங்கள். அலாரத்தை மூடவே மூடாதீர்கள்.

போன கிழமை மறுபடி போனேன். இரண்டு வீட்டாரும் சேர்ந்து மேசனைப் பிடித்து, நடுச்சுவரைக் கூரை வரை எழுப்பிவிட்டார்கள். வீதியில் நின்று பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

"இப்ப நிம்மதியோ?" என்று வனிதாவைக் கேட்டேன்.

"ஓம் அண்ணா. ஆனா முந்தி மேகன்ர பிள்ளை அழுதா எங்களுக்குக் கேக்கும். இப்ப ஒண்டும் கேக்குதில்லை." சொல்லிக்கொண்டே காலில் சப்பாத்தை மாட்டினாள். "பொறுங்கோ, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாறன்."