செவ்வாசல் வழியாகப் போன சரக்கு

ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குத்தியதே தெரியாது என்று பேர் வாங்கியவள். அடம் பிடிக்கிற குழந்தை, நரம்பே தட்டுப்படாத கிழவர், ஊசியைக் கண்டதும் மயங்கி விழுகிற முரட்டு ஆள், எல்லாரையும் அவளிடம்தான் தள்ளிவிடுவார்கள். ரப்பர் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டே, "வெறும் வயித்துலதானே வந்தீங்க? லேபுல சொன்னதாலயா, வீட்டுல சண்டையா?" என்று கேட்பாள். வந்தவர் சிரிப்பதா முறைப்பதா என்று யோசிப்பதற்குள் குழாய் நிரம்பியிருக்கும்.

அப்படிப்பட்டவளுக்குக் கடல் என்றால் பயம். ஆனால் வாய்த்த கணவரோ கப்பல்காரர். இரும்புத் தாது ஏற்றிப் போகிற பெரிய சரக்குக் கப்பலில் என்ஜின் ஃபிட்டர். கிளம்பிப் போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அதுவரை வீட்டில் அவளும் மாமனாரும்தான். மாமனார் டிவி, ரேடியோ ரிப்பேர் பார்த்து ஓய்ந்தவர். காது மந்தம். ஆனால் அவரைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் மட்டும் எந்த அறையில் இருந்தாலும் கேட்டுவிடும்.

கப்பலில் இன்டர்நெட் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். முகம் பார்த்துப் பேசுவதெல்லாம் துறைமுகத்தில் நின்றால்தான். அதற்கு ஃபிட்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். செல்போனில் ஒரு விண்வெளி விளையாட்டு. விண்கற்களில் சுரங்கம் தோண்டி, தாதுவைக் கப்பலில் ஏற்றி, தலைமை நிலையத்துக்குக் கொண்டுவந்து நகரம் கட்ட வேண்டும். காலையில் ஓர் உத்தரவு போட்டால் கப்பல் போய்ச் சேரச் சாயங்காலம் ஆகிவிடும். அவ்வளவு நிதானமான ஆட்டத்துக்குச் சொட்டு இன்டர்நெட்டே தாராளம். அவளையும் 'ஊசி' என்ற பேரில் சேர்த்துவிட்டிருந்தார்.

"வேலைக்குப் போனாலும் தாது, விளையாடினாலும் தாதுவா? உங்களுக்கு அலுக்கவே அலுக்காதா?" என்று கேட்டாள்.

"அங்க நான் ஃபிட்டர். இங்க முதலாளி, தெரியுமா?" என்றார் அவர்.

அவள் பேருக்கு எட்டிப் பார்ப்பாள். அவர் அனுப்புகிற வணக்கத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். சுரங்கத்தைப் பற்றி அவளுக்கு ஆனா ஆவன்னாகூடத் தெரியாது.

ஒரு நாள் மதியம் குரல் பதிவு ஒன்று வந்தது. "நாளைலேர்ந்து கொள்ளைக்காரங்க நடமாடுற கடல் வழியாப் போறோம்மா. வெளி விளக்கெல்லாம் அணைச்சுடுவாங்க, நெட்டையும் நிறுத்திடுவாங்க. பயப்படாதே, எல்லாக் கப்பலும் போற வழிதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள பேசிடுவேன். அதுவரைக்கும் என் சுரங்கத்தைக் கொஞ்சம் பார்த்துக்கோ. தாதுவ வெட்டுறது பெரிசில்ல, அதை வீடு சேர்க்கிறதுதான்..." பின்னாலிருந்து யாரோ அதட்டிக் கூப்பிட, பேச்சு அறுந்துபோனது.

பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா? அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாமனார் கேட்டபோது, "கப்பல்ல நெட்டு ரிப்பேராம் மாமா. அடுத்த வாரம்தான் பேசுவாராம்" என்று புளுகிவைத்தாள். அவர் தலையாட்டிவிட்டு, கழற்றிப் போட்டிருந்த மின்விசிறியைத் துடைக்கத் தொடங்கினார்.

கணவருடைய விளையாட்டுக் கணக்கைத் திறந்து பார்த்தாள். தூரத்தில் மூன்று விண்கற்கள். அவற்றில் துளைக்கும் எந்திரங்கள், பக்கத்தில் கிடங்கு. நடுவில் இருட்டு. அந்தப் பக்கம் தலைமை நிலையம். பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஓர் எண்ணம் ஒட்டிக்கொண்டது: இந்தச் சுரங்கம் நன்றாக இருந்தால் அவரும் நன்றாக இருப்பார். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். பரிசோதனைக்கூடத்தில் இப்படி யாராவது உளறியிருந்தால் நன்றாகக் கிண்டல் செய்திருப்பாள். ஆனால் ஒட்டிக்கொண்டதைப் பிய்த்தெறிய முடியவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். முதலில் செய்தது, இருந்த இரும்பையெல்லாம் செலவழித்து இன்னும் நிறைய துளைப்பான்களை நிறுவியது. நிறைய வெட்டினால் நல்லதுதானே என்பது அவள் நினைப்பு. மறுநாளே கிடங்கு முட்டி நிரம்பி, சுரங்கம் மொத்தமும் நின்றுபோனது. எந்திரங்கள் அசையாமல் கிடந்தன. அவசர அவசரமாக இருந்த சரக்குக் கப்பல்கள் எல்லாவற்றிலும் தாதுவை நிரப்பி, ஒரே கூட்டமாகக் கிளப்பிவிட்டாள். இரண்டு வழி காட்டியது. ஒன்று சுற்று வழி. இன்னொன்று செவ்வாசல் என்கிற குறுக்கு வழி, பாதி நேரத்தில் போய்விடலாம். பேர் ஏன் சிவப்பு என்று அவள் யோசிக்கவில்லை. சீக்கிரம் வீடு சேரட்டும் என்று அதையே தொட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், சாதத்தைப் பிசைந்துகொண்டே செல்போனைத் திறந்தாள். 'உங்கள் சரக்குக் கப்பல்கள் கொள்ளையரிடம் சிக்கின. எதுவும் மிஞ்சவில்லை.'

விளையாட்டுதான். எழுத்துதான். ஆனால் அந்த வரி அவளைப் பேயறைந்த மாதிரி உட்கார வைத்துவிட்டது. டப்பாவை மூடினாள். கை கழுவும்போது குழாயை மூட மறந்தாள். அன்றைக்கு முதல் முதலாக ஒரு பெரியவர், "என்னம்மா, உன் கை இந்த ஆட்டம் ஆடுது? நான் வேணா நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டார். ஊசியை வைத்துவிட்டு, பக்கத்து அறைப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

விளையாட்டில் கணவர் சேர்ந்திருந்த கூட்டணியில் 'ரொட்டி' என்று ஒருத்தி உண்டு. வேறெங்கோ புருஷனோடு சேர்ந்து பேக்கரி நடத்துகிறவள். சுரங்கத்தை மனைவி பார்த்துக்கொள்வாள் என்று கணவர் கூட்டணியில் சொல்லிவிட்டுப் போயிருந்ததால், கப்பல்கள் போனதைப் பார்த்துவிட்டு அவளே ஊசியக்காவைக் குரல் அழைப்பில் கூப்பிட்டாள். பின்னணியில் தட்டுகள் மோதுகிற சத்தம்.

"ஊசி, என்ன இப்படிப் பண்ணிட்டீங்க? செவ்வாசல்ல ஈ எறும்புகூடப் போகாதே!"

 ஊசியக்காவுக்குப் பதில் பேச ஆரம்பித்ததும் அழுகை வந்துவிட்டது. முன்பின் பார்த்தே இராத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்: கடல், அணைத்த விளக்கு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாம்.

 அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்படி புருஷனிடம் சொல்லிவிட்டு வந்து ரொட்டி பேசினாள். "அவர் வந்துடுவார்ன்னு சொல்ல நான் யாரு? எனக்குத் தெரியாது. ஆனா இந்தச் சுரங்கத்தை எப்படி ஓட்டுறதுன்னு சொல்லித்தர முடியும். கையில ஒரு வேலை இருந்தா நல்லது. கேக்கறீங்களா?"

"சொல்லுங்க."

"எங்க அடுப்புல எவ்வளவு ரொட்டி வேணாலும் சுடலாம். எடுத்துட்டுப் போக வண்டி இல்லன்னா தட்டுலயே காயும். அதனால முதல்ல வண்டி, அப்புறம் அடுப்பு. உங்க கப்பல் எவ்வளவு சுமக்குமோ அவ்வளவுக்கு மட்டும் வெட்டுங்க. பாதி துளைப்பானை நிறுத்துங்க."

நிறுத்தினாள்.

"அடுத்தது, தாதுவ தாதுவாவே ஏத்தாதீங்க. அதுல முக்கால்வாசி மண்ணு. மண்ணைச் சுமந்துட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க? சுரங்கத்துக்குப் பக்கத்துலயே ஒரு உருக்காலை வைங்க. இரும்பா ஏத்தினா ஒரே கப்பல் நாலு கப்பல் வேலை செய்யும். திரும்பி வரும்போது வெறுங்கையா வர விடாதீங்க, எரிபொருள் ஏத்தி அனுப்புங்க. இல்லன்னா அங்க உருக்காலை பட்டினி கிடக்கும். அப்புறம் முக்கியமா, எல்லாத்தையும் ஒண்ணா அனுப்பாதீங்க. ஒண்ணு ஒண்ணா, சுத்து வழியில. லேட்டாகும். ஆகட்டும்."

"ஒண்ணு ஒண்ணா அனுப்பினா ஒண்ணு மாட்டிக்காதா?"

"மாட்டும். மாட்டத்தான் செய்யும். ஒண்ணு போனா தாங்கிக்கலாம்."

ஊசியக்காவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்றது. இங்கே இருப்பதே ஒன்றுதானே.  

கூட்டணியில் ஆளுக்குக் கொஞ்சம் இரும்பு கொடுத்தார்கள். ஒரு சின்ன சரக்குக் கப்பல் கட்டினாள். உருக்காலை வைத்தாள். கப்பல் இருட்டுக்குள் ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருப்பாள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. அழைப்பு வரவில்லை. திங்களும் போனது. செவ்வாய்க்கிழமை காலை மாமனார், "முடி வெட்டிக்கிட்டு வரேன்" என்று கிளம்பினார். முந்தின வாரம்தானே வெட்டிக்கொண்டு வந்தார் என்று நினைத்தாள். கேட்கத் தெம்பில்லை.

அன்றே பரிசோதனைக்கூடத்தின் காத்திருப்போர் அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அடியில் ஓடுகிற செய்தியில் ஒரு வரி: சரக்குக் கப்பல் மீது கொள்ளையர் தாக்குதல், ஊழியர்கள் கதி தெரியவில்லை. கப்பலின் பேர் போடவில்லை. அவள் கையில் பேர் ஒட்டாத ரத்தக் குழாய் ஒன்று இருந்தது. அதைத் தாங்கியில் வைத்தது வரைக்கும் நினைவிருக்கிறது. மேலங்கியைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்தாள்.

கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்சி, டயர்க் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. ரப்பர் நாற்றம் படியெல்லாம் ஏறி வந்தது. கதவைத் தள்ளினாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கப்பல். அதற்குப் பக்கத்து நாற்காலியில், இஸ்திரி போட்ட சட்டையோடு, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு மாமனார் உட்கார்ந்திருந்தார்.

"மாமா! நீங்க எங்க இங்க?"

அவர் திருட்டு முழி முழித்தார். "நீ எங்கம்மா இங்க?"

வரவேற்பில் இருந்த பெண் ஒரு குவளைத் தேநீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள். கேட்காமலே கொண்டுவந்த விதத்தில் ஊசியக்காவுக்குப் புரிந்துவிட்டது. "எத்தனை நாளா வரீங்க மாமா?"

"விளக்கை அணைச்ச அன்னிலேர்ந்து" என்றார். "எனக்கும் சொல்லிட்டுத்தான் போனான். அவகிட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கறேன், நீங்க சொன்னா பயந்துடுவான்னான். நீ நெட்டு ரிப்பேர்ன்னதும், பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றிய லட்சணத்துக்கு வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் கை அவள் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

உள்ளறைக் கதவு திறந்து மேலாளர் வந்தார். அதுவரை எரிந்து விழுகிற ஆள் என்று பேர் எடுத்தவர். இப்போது குரலைத் தாழ்த்தி, "ரெண்டு பேரும் உள்ள வாங்கம்மா" என்றார். அந்த மரியாதையே அவளைப் பயமுறுத்தியது.  "இங்கயே சொல்லுங்க" என்றாள். "என்னால எழுந்திருக்க முடியல. இங்கயே சொல்லிடுங்க."

"அவர் போற கப்பல்தான்" என்றார் மேலாளர். "கொள்ளைக்காரங்க ஏறிட்டாங்க. கப்பல் ஆளுங்கல்லாம் கீழ ஒரு இரும்பு அறைக்குள்ள போய்ப் பூட்டிக்கிட்டாங்க. இப்பதான் கடற்படை வந்து திறந்திருக்கு. எல்லாரும் உயிரோட இருக்காங்கன்னுதான் தகவல். சிலருக்கு அடி. யாருக்குன்னு இன்னும் வரல."

"என்ன சொல்றார்?" என்றார் மாமனார், காதை நீட்டி.

"உயிரோட இருக்காராம் மாமா."

"உரக்கச் சொல்லு!"

"உயிரோட இருக்காராம்!" அவள் போட்ட சத்தம் டயர்க் கடை வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்று சாயங்காலம், ஏதோ நீண்ட எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மூச்சுச் சத்தம். பிறகு, "நான்தான். சூடான குழாய்ல பட்டுக் கை லேசா சுட்டுடுச்சு. வேற ஒண்ணுமில்ல. அப்பா சாப்பிட்டாரா?" அவ்வளவுதான், அடுத்த ஆள் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துவிட்டார்.

கணவர் வீட்டுக்கு வந்தபோது பாதியாக இளைத்திருந்தார். உள்ளங்கையில் கட்டு. மெதுவாக, துண்டு துண்டாகச் சொன்னார். இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்களாம். வெளியே கொள்ளையர்கள் கதவைச் சம்மட்டியால் அடித்துக்கொண்டே இருந்தார்களாம். நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஆரம்பிக்குமாம்.

"அப்ப என்ன நெனச்சீங்க?"

"ஒண்ணும் நெனைக்கல. தாகமா இருந்தது."

அவள் தயங்கித் தயங்கி, "உங்க கப்பலையெல்லாம் நான் தொலைச்சுட்டேங்க" என்றாள்.

"எந்தக் கப்பல?" என்றார். உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை.

மறுபடி கடலுக்குப் போகவில்லை. லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனியில் சேர்ந்தார். அங்கேயும், லிஃப்ட் கதவு சாத்துவதற்கு முன் ஒரு காலை வெளியே வைத்துக்கொள்வாராம். கூட வேலை செய்கிறவர் சொல்லித்தான் தெரியும். வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் தூக்கிவாரிப் போடும். மாமனார் அழைப்பு மணி ஒன்று பொருத்தி, "தட்டாதீர்கள்" என்று அட்டையும் தொங்கவிட்டார். அட்டையைப் பார்த்தும் தட்டுகிறவர்களுக்கு அவரிடம் நல்ல பாட்டு கிடைக்கும்.

அவளுக்கும் பயம் விட்டுப் போகவில்லை. கணவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வாசலுக்கும் அறைக்குமாக நடப்பாள். விளையாட்டை மட்டும் விடவில்லை. ரொட்டிக்குக் கடையில் வேலை அதிகமானதும், கூட்டணிக்குப் புதிதாக வருகிறவர்களை இவள் தலையில் கட்டிவிட்டாள். 'முதலில் கப்பல், அப்புறம் துளைப்பான்,' 'மண்ணைச் சுமக்காதீர்கள்,' 'மொத்தத்தையும் ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள்' என்று சலிக்காமல் எழுதுவாள். செவ்வாசல் என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும் கொஞ்சம் காட்டமாக எழுதிவிடுவாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம், அப்படி எழுதிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் வந்து நின்றார். இருட்டில் ஒற்றைச் சரக்குக் கப்பல் சுற்று வழியில் நகர்ந்துகொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆளுங்க இருக்காங்களா?"

"இல்லங்க. எல்லாம் தானா ஓடுறது."

"அப்ப சரி" என்றார். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனார்.