ஒயர் கழற்றிய ரேடியோ

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். மலேசியாவில் கோலா பிலா டவுனில் கார்களுக்கு ஒயரிங், ரேடியோ வேலை பார்க்கிறேன். இரைச்சல் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். மற்றதை நீங்கள் நம்பினாலும் சரி, எழுந்து போனாலும் சரி.

பவானி டீச்சர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் வேலை செய்பவர். கார் ரேடியோவில் ஒரே இரைச்சல், அதற்குள் யாரோ ஒரு பெண் முனகுகிறாள் என்று வந்து நின்றார்.

"எனக்குப் பைத்தியம்னு வீட்டுக்காரரே சிரிக்கிறாரு லா. நீங்களாச்சும் பாருங்கண்ணே."

பார்த்தேன். எண்ணெய் பெடலை அழுத்த அழுத்த இரைச்சலும் ஏறியது, அப்படியென்றால் கோளாறு இன்ஜின் பக்கம். பிளக் ஒயர்களை மாற்றி, ஆண்டெனா அடியில் இருந்த துருவைச் சுரண்டி, எர்த் ஒயரை இறுக்கி, ரேடியோவுக்குப் போகும் கரண்ட் ஒயரில் ஒரு ஃபில்டர் வைத்து, மலிவான போன் சார்ஜர் ஒன்று செருகியிருந்தது, அதையும் பிடுங்கிக் கையில் கொடுத்தேன். டவுனை ஒரு சுற்று சுற்றினோம். பாட்டு பளிச்சென்று கேட்டது.

மறுநாளே திரும்பி வந்துவிட்டார். பள்ளிக்குப் போகும் வழியில் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு வளைவு, அங்கே மட்டும் பழைய இரைச்சலாம். விடுவேனா? நானும் காரில் ஏறினேன்.

நல்ல உச்சி வெயில். வளைவில் கரகரவென்று வந்தது. இன்ஜினை அணைக்கச் சொன்னேன், நிற்கவில்லை. ஆண்டெனா ஒயரைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. எனக்குக் கோபமே வந்துவிட்டது, ரேடியோவை வெளியே இழுத்து ஒயர் அத்தனையும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கதவிலிருந்த ஸ்பீக்கரில் இரைச்சல் அப்படியே இருந்தது, அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் இளம்பெண்ணின் குரல்.

"வண்டி வந்துடுச்சா?"

டீச்சர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார்.

"வந்துடுச்சும்மா. மெதுவா ஏறு."

காரின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. இரைச்சல் நின்றது.

டீச்சர் என்னைக் கேட்கவில்லை, நேராக அரசாங்க கிளினிக்குக்கு ஓட்டினார். வாசலில் நிறுத்தி, பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் மெல்ல நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அந்த வளைவில் ஒரு சத்தமும் இல்லை. டீச்சர் இன்னும் அதே காரில்தான் பள்ளிக்குப் போகிறார். வீட்டுக்காரர் இப்போதும் சிரிக்கிறார், இவர் அதைச் சட்டை செய்வதில்லை.

ஒயர் இல்லாத ஸ்பீக்கர் எப்படிப் பேசும்? தெரிந்தவர் சொல்லட்டும், நான் கேட்கத் தயார். ஆனால் அதுகூட என்னைத் தொந்தரவு செய்யவில்லை. கிளினிக் வாசலில், டீச்சர் கதவைத் திறப்பதற்கு முன்னால், நான் ஒரு தடவை பின்னால் திரும்பினேன். பின்சீட் பெல்ட் பூட்டியிருந்தது. ஆள் இல்லாவிட்டால் அது சுருங்கி சீட்டோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. ஒரு நிறைமாத வயிற்றைச் சுற்றிப் போட்டது போல, வெறும் காற்றில் புடைத்து நின்று, ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.