ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மெமரி மாட்டப் போனேன்

பின்லாந்துக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என் வீட்டுக் கதவு என்னை அடித்தது. சும்மா சொல்லவில்லை. கைப்பிடியைத் தொட்டதும் சுருக்கென்று அடித்தது, பொறிகூடப் பறந்தது. மறுநாள் லிஃப்ட் பொத்தான், அதற்கு மறுநாள் கடையில் தள்ளுவண்டி. கிணத்துக்கடவுக்காரியான எனக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான் தெரியும்: எங்கேயோ வயர் அறுந்து கதவில் கரண்ட் பாய்கிறது. குடியிருப்பைப் பராமரிக்கும் ஆளைக் கூப்பிட்டு, புதிதாகக் கற்றிருந்த சொல்லை வைத்துக்கொண்டு "கதவில் சாஹ்கோ, சாஹ்கோ" என்றேன். சாஹ்கோ என்றால் மின்சாரம். அவர் கதவில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பிறகு என் கம்பளி ஸ்வெட்டரைக் கையால் காட்டி ஏதோ சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. கதவைப் பார்க்க வந்த மனுஷனுக்கு என் ஸ்வெட்டரில் என்ன வேலை? அதை இழுத்து மூடிக்கொண்டு, "கீட்டோஸ்" என்று ஒரு நன்றியை வீசிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாத்தும்போதும் அடித்தது.

அது நாலு வருஷத்துக்கு முந்தைய கதை. இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை மாலை. நாளைக் காலை பத்து மணிக்கு எனக்கு நேர்முகத் தேர்வு, லேப்டாப் வழியாக. இப்போதைய வேலை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நாளை கிடைக்கப்போகும் வேலையை வைத்துத்தான் இங்கே இருக்கும் அனுமதியை நீட்டிக்க முடியும். கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இந்த நேரம் பார்த்து லேப்டாப் முரண்டு பிடித்தது. வீடியோவைத் திறந்தால் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துவிட்டது. மெமரி போதவில்லை, இன்னொன்று மாட்ட வேண்டியிருந்தது. கடையில் மெமரியை உடனே கொடுத்துவிட்டார்கள், ஆனால் மாட்டித் தர வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமைக்கு முன்னால் எந்த ஊரில் ஐயா வியாழக்கிழமை வருகிறது?

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள் நான். ஆனால் வெளி மேசையில் உட்கார்ந்து, வந்த லேப்டாப்புக்குச் சீட்டு எழுதி ஒட்டியதோடு சரி. உள்ளே கழற்றி மாட்டியதெல்லாம் என் சிநேகிதி ஷம்ஷாத். இப்போது அந்தக் கடையையே அவள்தான் நடத்துகிறாள். மத்தியானம் அவளை வீடியோவில் கூப்பிட்டு, போனை ஒரு டப்பாவின் மேல் சாய்த்து வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல லேப்டாப்பை அணைத்தேன், சார்ஜரைப் பிடுங்கினேன், அடியில் இருந்த திருகுகளைக் கழற்றி ஒரு தட்டில் வரிசையாக வைத்தேன். மூடியைப் பெயர்த்தபோது டப் டப்பென்று சத்தம் வந்தது. ஒவ்வொரு டப்புக்கும் என் உயிர் போய் வந்தது. பாட்டரியின் வயரை அதன் இடத்திலிருந்து மெல்ல உருவினேன். மெமரி உறையைப் பிரிக்கப் போகும்போது ஷம்ஷாத் கத்தினாள்.

"ஏம்புள்ள, நில்லு! கால்ல என்ன அது?"

"ரப்பர் செருப்பு."

"வீட்டுக்குள்ளயா? காலுக்குக் கீழ?"

"பலகை. அதுக்கு மேல கம்பளி விரிச்சிருக்கறேன்."

"எதுக்குடி இத்தன அலங்காரம்? கரண்ட் கம்பத்துலயா ஏறப் போற?"

நான் விளையாட்டுக்குச் செய்யவில்லை. என் அப்பா கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தார். மோட்டார் அறைக்குள் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி, அதன் முன்னால் ஒரு பலகை, பலகையின் மேல் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. செருப்பைப் போட்டுப் பலகையில் ஏறி நின்றுதான் மோட்டாரைப் போடுவார். பக்கத்துத் தோப்பில் ஒருவர் ஈரக்காலோடு ஸ்டார்ட்டரைத் தொட்டு, தொட்ட கை பிரியாமலேயே செத்துப் போனார். அவரைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். "வெறுங்காலோட மோட்டார் ரூமுக்குள்ள வந்தீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன் அம்மணி" என்று அப்பா அன்றைக்குச் சொன்னபோது அவர் குரல் நடுங்கியது. அதட்டும் அப்பாவைத்தான் எனக்குத் தெரியும், நடுங்கும் அப்பாவை அன்றுதான் பார்த்தேன். அன்றிலிருந்து பல்பு மாற்றினாலும் எனக்கு ரப்பர் செருப்பு வேண்டும். பெட்டிக்குள் கரண்ட் இருக்கிறது, அது என்னைக் கொல்லும். நான் கற்ற பாடம் இவ்வளவுதான்.

ஷம்ஷாத் தலையில் அடித்துக்கொண்டாள். "லூசு, இப்பப் பொட்டிக்குள்ள கரண்டே இல்ல. உம்மேலதான் இருக்குது. அந்தூருக் குளிர்ல, காஞ்ச காத்துல, கம்பளிமேல கம்பளி உரச உரச உடம்பெல்லாம் ஏறிப்போடும். ரப்பர் செருப்புப் போட்டா அது எறங்கறதுக்கு வழியேது? அப்பிடியே மெமரியைத் தொட்டீன்னா அது செத்துப்போயிரும். உனக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அப்போதுதான் அந்தப் பராமரிப்பாளர் என் ஸ்வெட்டரைக் காட்டியது ஏன் என்று உறைத்தது. பாவம், நாலு வருஷமாக அந்த மனுஷனை முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் அதைவிட. இவ்வளவு நாளும் இந்த ஊர் என்னை அடிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். என்னைக் காப்பாற்றும் என்று நான் நம்பிப் போட்டுக்கொண்ட செருப்பே நாளைய நாளைக் கெடுத்திருக்கும். ஸ்வெட்டரையும் செருப்பையும் காலுறையையும் கழற்றினேன், பலகையையும் கம்பளியையும் தள்ளிவிட்டேன். வெறுங்காலோடு கரண்ட் சாமான் முன்னால் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "ஹீட்டருக்குப் போற குழாய்ல பெயின்ட் இல்லாத எடம் இருக்குதா? அதைத் தொடு. தொட்டுட்டுத்தான் மெமரியை எடுக்கோணும்" என்றாள். குழாயின் பித்தளை மூட்டைத் தொட்டேன். சுருக்கென்று அடித்தது. "பாத்தியா, எறங்கிருச்சு!" என்றாள்.

ஒரு கை குழாயில் இருக்க, மெமரியை ஓரத்தில் மட்டும் பிடித்து எடுத்தேன். சின்னப் பச்சை அட்டை, பிஸ்கட் கனம்கூட இல்லை. அதன் ஓரத்து வெட்டும், லேப்டாப்பில் அதைச் சொருகும் பள்ளத்தில் இருந்த மேடும் சேருகிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். சாய்வாகச் சொருகி அழுத்தச் சொன்னாள். அழுத்தினால் உடைந்துவிடுமோ என்று கை ஒத்துழைக்கவில்லை. "பயப்படாத, அமுக்கு... இன்னுங் கொஞ்சம்..." இரண்டு பக்கக் கொக்கிகளும் கிளிக்கென்று கவ்வின. பாட்டரி வயரைச் சொருகினேன். மூடியை மாட்டி, திருகுகளைப் போட்டு, சார்ஜரையும் இணைத்துப் பொத்தானை அழுத்தினேன்.

விளக்கு எரிந்தது. திரை கறுப்பு. பத்து நொடி, இருபது நொடி, கறுப்பு. போச்சு, எல்லாம் போச்சு என்றேன். முதல் தடவை அப்படித்தான் இருக்கும், பொத்தானைத் தொடாதே என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொலைத்தது ஒரு லேப்டாப்பாக இருந்தால் போகட்டும் என்று விடலாம். வாடகை வீடு, பனியில் நடக்கப் பழகிய கால், தத்தித் தத்திப் பேசும் இந்த மொழி, எல்லாம் அந்தக் கறுப்புக்குள் போய்விட்ட மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் கழித்துத் திரை வெளுத்தது. நான் "ஏசுவே" என்றேன், அங்கே அவள் "அல்லா" என்றாள்.

ஆனால் லேப்டாப் முழுதாக எழுந்திருக்கவில்லை. பாட்டரியைப் பிடுங்கியதில் அதற்கு நேரம் மறந்துவிட்டிருந்தது. இப்போது மணி என்ன என்று வெறும் எழுத்தில் கேட்டுக்கொண்டு நின்றது. என் கை யோசிக்கவே இல்லை. மனசுக்குள் எப்போதும் ஓடும் மணியையே, மூன்று ஐம்பது, பிற்பகல் என்று அடித்துவிட்டு, போன் கேமராவைத் திரைப்பக்கம் திருப்பி அவளுக்குக் காட்டினேன்.

"ஏம்புள்ள, அது இங்கத்த மணி. நாளைக்குத் தேர்வுக்குத் தப்பான நேரத்துல போய் நிப்ப. உங்கூரு மணியப் போடு."

உங்கூரு. கோட்டைமேட்டில் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள், வெகு சாதாரணமாகச் சொன்னாள். இந்த நாடு இன்னும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லுமா சொல்லாதா என்று நாளைக்குத்தான் தெரியும். அதற்குள் அங்கே, நான் பிறந்த பக்கத்தில், சொல்லியாகிவிட்டது. அடித்ததை ஒவ்வொரு எண்ணாக அழித்தேன். பன்னிரண்டு இருபது என்று போட்டேன்.